யாசீன் வீட்டு மண்

தென்கரைக் கழிமுக அலையாத்தி மேம்பாட்டு முகமையின் தலைமை அலுவலகம் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையில், ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. அங்கே எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் கழிமுகம் தெரியாது. அலையாத்தி மரமும் தெரியாது. தெரிவதெல்லாம் மேம்பாலமும் அதன்மேல் நகராமல் நிற்கும் வண்டிகளும்தான். தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தால் முடிவெடுக்கும்போது உணர்ச்சிவசப்பட நேரிடும், அதனால்தான் அலுவலகத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று முகமையின் இயக்குநர் சுந்தரவல்லி மேடம் ஒரு கூட்டத்தில் சொன்னார். கூட்டம் கை தட்டியது. எனக்குக் குமட்டியது என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள், ஆகவே சொல்லவில்லை.

அந்த அலுவலகத்துக்கு யாசீன் முதன்முதலாக வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அவர் கோவளத்தில் உப்பங்கழிக் கரையோரம் படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். பட்டறையை ஒட்டியே வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரமும் துணி துவைக்கிற கல்லும் இருந்தன. போன மழைக்காலத்தில் முருங்கை தண்ணீரோடு போயிற்று. இந்த வருஷம் கல் போயிற்று. கழியின் தண்ணீர் இப்போது பின்பக்க அறையை நெருங்கி வந்துகொண்டிருந்தது. அந்த அறையைத்தான் யாசீனும் அவர் மனைவி அஜீசாவும் வெள்ளையடித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டு வைத்திருந்தார்கள். குன்றத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் சோயாவுக்கு அப்போது ஆறாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டும். வரும்போது தாய்வீடு இருக்க வேண்டும் என்பதுதான் யாசீனின் கோரிக்கை. இதைவிடச் சின்னக் கோரிக்கையோடு ஒரு மனிதன் ஓர் அலுவலகப் படியேற முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் உள்ளே நுழைந்ததும் மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். வலது கையை முன்னால் நீட்டி, விரல்களைக் கீழ்நோக்கி விரித்தார்கள். அது அலையாத்தியின் வேராம். "சேற்றில் நிற்பேன். அலையைத் தாங்குவேன். கரையைக் கைவிட மாட்டேன்" என்று ஏசி குளிரில் ஒரே குரலாகச் சொன்னார்கள். பிறகு உட்கார்ந்து மின்விசிறியையும் போட்டுக்கொண்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டிய யாசீன், அதை எப்போது மடக்குவது என்று யாரும் சொல்லாததால் அப்படியே நின்றார்.

"கையைக் கீழ போடலாம் சார்" என்றார் பக்கத்து பெஞ்சில் இருந்தவர். "டீக்கு அப்புறம் மறுபடி இருக்கு."

முகமையில் இரண்டு பிரிவுகள். வலப்பக்கம் அரிப்புப் பிரிவு, இடப்பக்கம் படிவுப் பிரிவு. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. கரையிலிருந்து கரையும் மண் வலப்பக்கத்துக்குச் சொந்தம், வேறெங்கோ போய்த் தங்கும் மண் இடப்பக்கத்துக்குச் சொந்தம். இரண்டுக்கும் நடுவில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் மண் யாருக்குச் சொந்தம் என்று ஒரு தகராறு வந்து, அதற்கு ஒரு குழு போட்டு, குழு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு பிரிவும் பேசிக்கொள்வதில்லை. டீ கூடத் தனித்தனிக் கடையிலிருந்து வருகிறது.

அரிப்புப் பிரிவின் தலைவர் பொறியாளர் ஐசக். நல்ல சட்டை, நல்ல தமிழ், நல்ல பேனா. யாசீனை உட்காரச் சொன்னார்.

"சார், வூட்டாண்ட மண்ணு அரிச்சுகினு போவுது. பின்னாடி ரூமாண்ட வந்துட்சி."

"போகுதுன்னு சொல்லாதீங்க மிஸ்டர் யாசீன். அது நெகட்டிவ். மண்ணு அழியறதில்ல. இங்க இருந்து கிளம்பும், அங்க போய்ச் சேரும். கிளம்பின மண்ணு எங்க கையில இல்ல, படிவுப் பிரிவைப் பாருங்க."

"இன்னும் கொஞ்சம் கெளம்பாம கீது சார். அத்தயாவது காப்பாத்தலாமே."

ஐசக் பரிவோடு சிரித்தார். "கிளம்பாத மண்ணுல அரிப்பே இல்லையே. அரிப்பே இல்லாத எடத்துக்கு அரிப்புப் பிரிவு எப்படி வர முடியும், நீங்களே சொல்லுங்க."

யாசீன் யோசித்துப் பார்த்தார். எவ்வளவு யோசித்தாலும் அதில் ஓட்டை தெரியவில்லை. இன்ஜினில் ஓட்டை இருந்தால் புகையாவது வரும். நன்றி சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்.

படிவுப் பிரிவின் தலைவர் தீனதயாளன் யாசீனின் முகவரியைக் கேட்டதும் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"நீங்கதானா அது? ரொம்ப நாளா தேடிட்டு இருக்கோம்."

கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். யாசீன் வீட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் அலையாத்திக் காடு அது. அலையாத்திக்கு மூச்சு வேர் என்று ஒன்று உண்டு. சேற்றிலிருந்து பென்சில்களை நட்டுவைத்ததுபோல மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மரம் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். படத்தில் பென்சில்கள் இல்லை. வழவழவென்று மண் மூடிக் கிடந்தது. அதன் நடுவே மரங்கள் இலையில்லாமல், சாம்பல் நிறத்தில், மூச்சு முட்டி நின்றபடியே செத்துக்கொண்டிருந்தன.

"இது உங்க மண்ணு" என்றார் தீனதயாளன். "காப்புக் காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழைஞ்சிருக்கு. இது அத்துமீறல்."

"நான் அனுப்பல சார். தண்ணி இட்டுகினு போச்சு."

"தண்ணி மேல நடவடிக்கை எடுக்க முடியாது. அதுக்கு அட்ரஸ் இல்ல. உங்களுக்கு இருக்கு."

"எனக்கும் இன்னும் கொஞ்ச நாளிக்கித்தான் சார் கீது."

தீனதயாளன் அதைக் காதில் வாங்கவில்லை. உடனடியாகப் போய்த் தன் மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் தன்னுடையதை மட்டுமே எடுக்க வேண்டும், அடுத்தவர் மண் ஒரு கூடை வந்தாலும் அது வனத் திருட்டு என்று விளக்கினார். எது தன் மண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாசீன் கேட்டார்.

"உங்க மண்ணு உங்களுக்கே தெரியலன்னா, அது உங்களுதுன்னு எப்படி சார் நாங்க ஒத்துக்கறது?" என்று தீனதயாளன் எழுந்துவிட்டார். டீக்கு அப்புறமான மணி அடித்தது.

யாசீன் உண்மையிலேயே போனார். அதுதான் எனக்கு ஆறவில்லை. அரசாங்கத்து ஆள் சொல்லிவிட்டாரே என்று தன் ஃபைபர் படகில் கூடையும் மண்வெட்டியும் போட்டுக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய், மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். பட்டறைப் பக்கத்து மண்ணில் டீசல் வாசனை இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஒரு கூடை நிறைவதற்குள் வனக் காவலர் வந்து, காட்டிலிருந்து மண் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். படிவுப் பிரிவு சொன்னதாக யாசீன் சொன்னார். போட்ட மண்ணை எடுக்கச் சொல்லத்தான் அவர்களுக்கு அதிகாரம், எடுத்த மண்ணைக் காட்டுக்கு வெளியே கொண்டுபோக விடுவதற்கு அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிக் காவலர் கூடையைக் கவிழ்த்தார்.

சோயாவுக்கு ஏழாம் மாதம் பிறந்தபோது அலையாத்தி வாரம் வந்தது.

அலையாத்தி வாரம் முகமையின் பெரிய திருநாள். விருந்தினர்கள் சேற்றில் இறங்கக் கூடாது என்பதால், மெயின் ரோட்டிலிருந்து காட்டை நோக்கிக் கழிக்குள்ளேயே இடிபாட்டுக் கழிவைக் கொட்டி ஒரு பாதை போட்டிருந்தார்கள். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் இடித்த பழைய வீடுகளின் செங்கல், சிமெண்ட், கக்கூஸ் பீங்கான் எல்லாம் லாரி லாரியாக வந்து விழுந்தது. விழா முடிந்தால் அதை எடுப்பதில்லை. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் நீட்டுவார்கள். இப்படி நீட்டி நீட்டி இப்போது கழியின் பாதி அகலம் பாதையாகிவிட்டது. மிச்சப் பாதியில் மொத்தத் தண்ணீரும் நெருக்கியடித்துக்கொண்டு யாசீன் வீட்டுப் பக்கமாக ஓடியது. பாதைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்று, சுமந்து வந்த மண்ணை மரங்களின் காலடியில் இறக்கியது.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஐசக் இதை மைக்கிலேயே சொன்னார்.

"போன வருஷம் வரைக்கும் சிறப்பு விருந்தினர்கள் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. இந்த வருஷம் கார் கதவைத் திறந்தா மரம். இந்தப் பாதையால எதிர்க்கரையில நீரோட்டம் நல்லா வேகம் எடுத்திருக்கு. நம்ம அரிப்புப் பிரிவுக்கு இவ்வளவு வேலை என்னைக்குமே இருந்ததில்ல. புதுப் பணியிடங்கள் கேட்டு எழுதியிருக்கோம்."

தீனதயாளன் விடுவாரா? படிவில் இந்த ஆண்டு இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று அவரும் சொன்னார். இரண்டு பிரிவும் ஒரே மேடையில் இருந்தாலும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்காக நடுவில் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள்.

பிறகு சுந்தரவல்லி மேடம் பேசினார். அவருக்குப் பின்னால் நின்ற மரங்களில் ஓர் இலை இல்லை. அதனால் கிளைகளில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள்.

"அலையாத்தி நமது தாய். அந்தத் தாயை நெருங்கவிடாமல் மூச்சு வேர்கள் காலில் குத்துகின்றன என்று பொதுமக்களிடமிருந்து புகார் வந்தது. உடனே நடவடிக்கை எடுத்தோம். நீட்டிக்கொண்டிருந்த வேர்களை அறுத்துச் சமப்படுத்தினோம். மிச்சத்தைப் படிவு மூடிவிட்டது. இன்று பெரியவர்களும் குழந்தைகளும் சறுக்காமல் நடந்து வந்து மரத்தைத் தொட முடிகிறது. மக்களையும் மரத்தையும் நாங்கள் இணைத்திருக்கிறோம்."

தாயின் மூக்கை அறுத்துவிட்டு, முத்தம் கொடுக்க வசதியாக இருக்கிறது என்று ஒரு பெண்மணி சொல்கிறார். அதற்குப் பள்ளிப் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். அருவருப்பு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை, நான் தேடவும் இல்லை.

உறுதிமொழிக்காக எல்லோரும் கையை நீட்டிக்கொண்டிருந்தபோது அஜீசா மேடைக்கு ஏறினாள். யாசீன் கீழே நின்று வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"மேடம், இந்த ரோட்ட எடுத்துடுங்க. எங்க வூடு வுழப் போவுது."

"ரோடை எடுத்தா அடுத்த வருஷம் விழாவுக்கு எப்படிம்மா வர்றது? விழா இல்லன்னா மரத்தோட அருமை மக்களுக்கு எப்படித் தெரியும்?"

"செரி, எங்க பக்கம் கொஞ்சம் கல்லாவது கொட்டுங்க. பொண்ணு பிரசவத்துக்கு வர்றா."

"வாழ்த்துகள்மா. ஆனா முகமையோட சொத்தைக் காப்பாத்தத்தான் எங்களுக்கு அதிகாரம். உங்க வீடு தனியார்."

அஜீசா விடவில்லை. "அப்போ உங்க சொத்து எதுனா ஒண்ண எங்க வூட்டு பின்னாடி வெச்சிடுங்க. அத்த காப்பாத்த கல்லு போடுங்க. அதுக்குப் பின்னால நாங்க இருந்துக்கறோம்."

சுந்தரவல்லி மேடம் ஐசக்கைப் பார்த்தார். ஐசக் தன்னை மறந்து தீனதயாளனைப் பார்த்துவிட்டார். முகமையின் வரலாற்றில் விதியை மீறாமல் வேலை செய்ய யாரோ ஒருவர் வழி சொன்னது அதுவே முதல் முறை. "மக்கள் பங்கேற்பு" என்று மேடம் மைக்கில் அறிவித்தார். அஜீசாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அன்று சாயங்காலமே அஜீசா குன்றத்தூருக்குப் போன் போட்டாள். "எல்லாம் முடிஞ்சிட்சி சோயா. கல்லு வருது. நீ தெகிரியமா கெளம்பி வா" என்றாள். யாசீன் பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சொத்து மறு வாரமே வந்தது. கான்கிரீட் கால் போட்டு நட்ட ஒரு பெரிய இரும்புப் பலகை. வீட்டின் பின்சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் மிச்சமிருந்த மண்ணில் அதை நிறுத்தினார்கள். 'எச்சரிக்கை. இப்பகுதி மண் அரிப்புக்கு உட்பட்டது. உங்கள் நலனில் அக்கறையுடன், முகமை' என்று அதில் எழுதியிருந்தது. அதன் பின்னாலேயே கருங்கல் லாரிகள் வந்தன. யாசீன் டிரைவர்கள் எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார். அஜீசா, கல் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சமையலறையில் நின்று அழுதாள். அது சந்தோஷ அழுகை.

கல்லைப் பலகையைச் சுற்றி வட்டமாக அடுக்கினார்கள். நேர்த்தியான வேலை, குறை சொல்ல முடியாது. வட்டம் முடிந்ததும் லாரிகள் கிளம்பின.

"சார், வூட்டுப் பக்கம்?" என்றார் யாசீன்.

"எஸ்டிமேட்ல 'பலகையைச் சுற்றி'ன்னுதான் இருக்கு" என்றார் ஐசக். "வீட்டைச் சுற்றி ஒரு கல் விழுந்தாலும் தனியாருக்குச் சலுகை காட்டினதா ஆகிடும். நாளைக்கு ஆடிட்ல என் கழுத்துக்குத்தான் கத்தி."

"கல்லுல மோதற தண்ணி எங்க சார் போவும்?"

"ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போகும். அதுதான் டிசைன்."

டிசைன்படியே போயிற்று. அடுத்த அமாவாசை ஏற்றத்தில், பட்டப்பகலில், வட்டக் கல்லில் முட்டிய தண்ணீர் இரண்டாகப் பிரிந்து வந்து, சுவருக்கு அடியில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. பின்பக்க அறை முதலில் உட்கார்ந்தது, பிறகு சாய்ந்தது. புதுக் கட்டிலை யாசீன் ஒரு பக்கமும் அஜீசா ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். கதவு சிறியதாக இருந்தது. அஜீசாதான் முதலில் கையை விட்டாள். விடுங்க என்று அவரையும் விடச் சொன்னாள்.

அடுத்தடுத்த நாட்களில் சமையலறை, ஹால், பட்டறை என்று முறை வைத்துக்கொண்டு போயின. அவர்கள் கேளம்பாக்கத்தில் ஒரு போர்ஷன் பார்த்துப் போனார்கள். ஒரே அறை. அதில் பிரசவம் பார்க்க முடியாது என்று சம்பந்தியம்மா நயமாகச் சொல்லிவிட்டார். சோயாவுக்குக் குன்றத்தூரிலேயே பெண் குழந்தை பிறந்தது. பெற்ற மகளின் தலைப்பிரசவத்துக்கு அஜீசா பழம் வாங்கிக்கொண்டு விருந்தாளியாகப் போனாள். சம்பந்தி வீட்டில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, குடிக்க ஜூஸ் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

இதற்கிடையில் முகமைக்கு ஆண்டாய்வு வந்தது. பலகையை நேரில் பார்த்தாக வேண்டும். ஆனால் பலகை இப்போது நடுத் தண்ணீரில், கல் வட்டத்தின் நடுவில், தன்னந்தனியாக நின்றது. நடந்து போக வழியில்லை. ஐசக் யாசீனுக்குப் போன் செய்தார்.

"உங்க படகு இருக்கில்ல? மேடத்தைக் கூட்டிட்டுப் போகணும்."

"போவாதீங்க" என்றாள் அஜீசா. "மூஞ்சில காறித் துப்பிட்டு வெச்சிடுங்க."

யாசீன் போனைக் கையால் மூடிக்கொண்டார். "போறேன். இவங்கள ஒரு தபா அங்க கூட்டிகினு போவணும்" என்றார்.

மேடம், ஐசக், தீனதயாளன் மூவரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை அணிந்து படகில் ஏறினார்கள். அப்படியும் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். பலகையை நெருங்கியதும் ஐசக் ஒரு கையால் எட்டி அதன் காலைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு இன்ச் சாயல மேடம்."

"பெயிண்ட் கூட போகல" என்றார் தீனதயாளன். பலகையால் இரண்டு பிரிவுக்கும் பேச்சு வந்திருந்தது.

சுந்தரவல்லி மேடம் போனை வாயருகே வைத்து ஆண்டறிக்கைக்குச் சொன்னார். "இக்கரையில் முகமையின் சொத்து ஒன்றுகூட இழக்கப்படவில்லை. பாதுகாப்பு நூறு சதவீதம். பொதுமக்களின் ஒத்துழைப்பு மகத்தானது." பிறகு மூவரும் ஒரு கையை மட்டும் விட்டு முன்னால் நீட்டி, விரலை விரித்து, கரையைக் கைவிட மாட்டோம் என்று சொன்னார்கள். பார்க்கக் கரை எதுவும் பக்கத்தில் இல்லை.

திரும்பும் வழியில், பலகையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், யாசீன் இன்ஜினை நிறுத்தினார். தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடந்தது.

"நல்ல அமைதியான எடமா இருக்கே" என்றார் மேடம். "ஐசக், அடுத்த வருஷ விழாவுக்கு இங்க ஒரு மிதக்கும் மேடை போட்டுடலாமா? இங்க ஆழம் எவ்வளவு யாசீன்?"

"தெரியல மேடம். இது எங்க ஹாலு" என்றார் யாசீன். "வூட்டுக்குள்ள செருப்போட வந்துட்டீங்க. கயட்டிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கை இன்ஜின் கயிற்றின்மேல் இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டு மூவரின் கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூவருக்கும் நீச்சல் தெரியாது. முதலில் குனிந்தது சுந்தரவல்லி மேடம்தான்.